உடைந்தால் வருகிறேன் என்றார்

மாட்டிறைச்சியை உப்புத் தடவி வெயிலில் காயவைத்து, இடித்து, முட்டையோடு வதக்குவதில் என் மனைவி எல்பாவை மிஞ்ச எங்கள் ஊர் போசோ அமார்கோவில் ஆள் இல்லை. பாலைவன வண்டிப் பந்தயத்தன்று காலையில் இரண்டு பேருக்குக் கூடுதலாகச் செய்யச் சொன்னேன். யார் வருகிறார்கள் என்று கேட்டாள். நசாரியோவும் மகளும் என்றேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளை விசாரிக்காதீர்கள் ஐயா, அவளுக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நீங்கள் என்சனாடா நகரத்துப் போலீஸ்காரர். பந்தயம் கிளம்புவதைப் பார்ப்பீர்கள். கொடி, பாட்டு, பீர் எல்லாம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். கள்ளிக்காட்டையும் ஆற்றுமணலையும் தாண்டி, அடிவாங்கி, புழுதி அப்பி வரும் வண்டிகளைப் பார்ப்பவர்கள் நாங்கள். மற்ற நாட்களில் எங்கள் ஊருக்கு வருவது தண்ணீர் லாரியும் பாதிரியாரும்தான். நவம்பரில் ஒரே ஒரு நாள் உலகமே எங்கள் வழியாகப் போகிறது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளுகிறோம்.

குழி வெட்டுவோம், உண்மைதான். மண்மேடு போடுவோம், பாதையில் தண்ணீரைத் திருப்பி விடுவோம். வண்டி எகிறிக் குதிப்பதைப் பார்க்கத்தான். என் அப்பாவும் வெட்டினார், முன்னாள் பாதிரியாரே ஒருமுறை மண்வெட்டி பிடித்தார். பேப்பரில் எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்த முதலில் ஓடுவதும் நாங்கள்தான், அதை யாரும் எழுதுவதில்லை.

நசாரியோ ட்ராஸ்வின்யாவை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். அப்போது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஓட்டை ட்ரக், ஒட்டுப்போட்ட டயர். எங்கள் குழியில் விழுந்து, பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் உடைந்தது. ஊரே டிராக்டர் கட்டி இழுத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்தது. நான் வெல்டிங் வைக்க வைக்க, அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்பாவின் கையால் சாப்பிட்டார், எங்கள் கட்டிலில் தூங்கினார். கடைசி ஆளாகத்தான் பந்தயத்தை முடித்தார். ஆனால் ரேடியோக்காரர்கள் பேட்டி கேட்டபோது, "போசோ அமார்கோல எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு, குக்கோ அண்ணன். அவரு இல்லன்னா நான் இல்ல" என்றார். அதைக் கேட்டு நான் அழுதேன். பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் 'நசாரியோவின் அண்ணன் குக்கோ' என்று எழுதி வைத்தேன்.

பிறகு அவர் பெரிய ஆளாகிவிட்டார். ஜெயித்துக்கொண்டே இருந்தார். வருடா வருடம் எங்கள் ஊரைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்து போவார். "பாத்தியா, எனக்குக் கை காட்டினாரு" என்பேன். "அது கியர் மாத்துனது" என்பாள் எல்பா. அவர் படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அவர் தோற்ற வருடம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம், பந்தயத்துக்கு முன் பாதையைப் பழகிப் பார்க்க வந்தபோது, என் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தினார். மகள் யாரெலியும் கூட வந்திருந்தாள். இந்த முறை பக்கத்து இருக்கையில் அவள்தான் வழிகாட்டி. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, "பெரியவரே, காத்து அடிப்பீங்களா?" என்றார்.

பெரியவரே. நான் எழுதி வைத்த சிவப்பு எழுத்தின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு சோடா குடித்தார். நான் டயருக்குக் காற்று அடித்தேன். எல்பா வெளியே வந்தாள்.

"வாங்க தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"நின்னா நேரம் போயிரும்மா. பந்தயத்தன்னிக்கு வண்டி ஒடஞ்சா கண்டிப்பா வர்றேன். ஆக்கி வையிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உடைந்தால் வருகிறேன் என்று அவர்தான் சொன்னார். அவர் வாயால் சொன்னதைத்தான் நான் செய்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழகிய ஓட்டுநர்களுக்கு எங்கள் வேலை தெரியும். ஜனம் கூடி நின்றால் அங்கே குழி இருக்கும், உடனே பிரேக். ஜனம் இல்லாத இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். கூட்டத்தைக் கடந்ததும் இன்னும் கூடுதலாக மிதிப்பார்கள். இத்தனை வருடம் ஓரத்தில் நின்று பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? அதனால் காட்டாற்று வளைவில் பேருக்கு ஒரு சின்ன மண்மேடு போட்டு, அடுப்பு மூட்டி, இரண்டு ஆடு போட்டு, அக்கார்டியன் வாசிக்கிறவரையும் வரவழைத்தேன். ஊர் முழுக்க அங்கே திரண்டது. வளைவைத் தாண்டி வரும் நேரான மணல்பாதையில் ஒரு ஈ காக்கா இல்லை. என் குழி அங்கே இருந்தது.

"என்ன குக்கோ, இந்த வருஷம் வாலைச் சுருட்டிக்கிட்ட? இத்தனூண்டு மேடு, என் ஆடு தாண்டிரும்" என்று எங்கள் ஊர் சிரிலோ என்னைக் கிண்டல் செய்தான்.

"வயசாயிருச்சுடா" என்றேன். அவன் வாயில் ஒரு இறைச்சித் துண்டைத் திணித்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் வெல்டிங் மெஷினும் ஆக்சிலுக்கு வேண்டிய இரும்பும் தயாராக இருந்தன. கொல்ல நினைத்தவன் வெல்டிங் மெஷின் கொண்டு போவானா? நீங்களே சொல்லுங்கள்.

முதலில் மோட்டார் சைக்கிள்கள் போயின. அந்தப் பையன்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அவர்களுக்காகக் குழியின் மேல் கனமான பலகை போட்டு மணலைத் தூவியிருந்தேன். கடைசி மோட்டார் சைக்கிள் போனதும் பலகையை எடுத்துவிட்டு நாணல் பாயை விரித்து, அதன்மேல் மணலைப் போட்டேன். ட்ரக்குகளில் நசாரியோதான் முதலில் கிளம்புகிறார் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

வளைவில் அவர் வேகம் குறைவதைக் காதால் கேட்டேன். ஜனம் கத்தியது. பிறகு மிதித்தார். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அவரைப் போல ஓட்டுகிறவர் இந்தத் தீபகற்பத்தில் கிடையாது.

வண்டி மூக்குக் குத்தி விழுந்து, பலமுறை புரண்டு, தலைகீழாக நின்றது. நான் ஓடினேன். யாரெலி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"குக்கோ பெரியப்பா! நல்ல வேளை, நீங்க வந்தீங்க. அப்பாவப் பாருங்க, பேச மாட்டேங்குறாரு."

என் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குச் செவுத்துல பாத்தேன். போற வழியில சொன்னேன். அப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. பந்தயம் முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்குத்தான்னு... பெரியப்பா, அப்பாவப் பாருங்க."

தலைகீழாகத் தொங்குகிறவள் என்ன வேண்டுமானாலும் சொல்வாள். நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. பெல்ட்டை அறுத்து அவளை இறக்கினேன். பிறகு வளைவுவரை ஓடி, சட்டையைக் கழற்றி ஆட்டி, பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தினேன். அந்த உயிர்களைக் காப்பாற்றியதும் என் கணக்கில்தான் வரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை வெயிலில் கிடத்த வேண்டாம் என்று நசாரியோவை எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கிப் போனோம். எல்பா முகத்தைத் துடைத்துவிட்டாள். ஊரெல்லாம் வந்து என் வீட்டு முன்னால் நின்றது. அவர் சொன்னபடி வந்தார். உயிரோடு வரவில்லை, அது மட்டும்தான் நான் நினைத்ததற்கு மாறாக நடந்தது.

சரி, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, ஆக்சிலை உடைக்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்று. முழங்கால் ஆழம் போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும், சிறு வயதிலிருந்து வெட்டுகிறவன். நீங்கள் அளந்து பார்த்தது சரிதான், என் கழுத்துவரை வந்தது. மணல் இளக்கமாக இருந்தது ஐயா, வேறொன்றுமில்லை.