மாவுக் கையுறை

— உட்காருங்கன்னு நான் சொல்லலையே, புரொபசர் மா.

— கால் வலிக்குது, மிஸ் தக். பூசான் ஊர் பூரா டிராஃபிக்.

— டாக்டர் தக். மிஸ் தக் உங்க ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி எடுத்துக் குடுத்த நர்ஸ். அவளை நீங்களே துரத்திட்டீங்க.

— சரி, டாக்டர் தக். நீ நடத்தற ரப்பர் ஒவ்வாமை மருந்து சோதனையில ஒரு இடம் பாக்கி இருக்காமே. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

— அடடே. ரப்பர் ஒவ்வாமைன்னு ஒண்ணு இருக்கா என்ன? சோம்பேறி நர்ஸுங்க கட்டற கதைன்னு சொன்னீங்களே.

— அப்ப யாருக்கும் தெரியாது.

— என் கையைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். தோல் உரிஞ்சு, கண்ணு வீங்கி நின்னேன். மாவு தடவாத ரப்பர் கையுறையா வாங்குங்கன்னு கெஞ்சினேன். நீங்க டிபார்ட்மென்ட் விருந்துல சோஜு சாராயக் கிளாஸும் கையுமா நின்னு, நான் தும்மற மாதிரி நடிச்சுக் காட்டினீங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. பெரியவர் ஜோக் அடிச்சா சிரிச்சே ஆகணும், பெரியவர் எந்தக் கையுறை போடறாரோ அதையேதான் மேஜையைச் சுத்தி நிக்கறவங்களும் போடணும். அதானே உங்க சட்டம்?

— அந்தக் கையுறை போட்டாத்தான் ரத்தக்குழாய் துடிக்கறது விரல்ல தெரியும்.

— அந்த மாவு ரப்பரைச் சுமந்துக்கிட்டு காத்துல பறந்து எனக்கு மூச்சு அடைச்சது மட்டும் தெரியலை.

— திட்டி முடிச்சியா? மருந்து ஆபத்தில்லாததா, அதைச் சொல்லு.

— பயமா?

— பயம்தான். பழைய ஊசி போட்டு ஒரு பொண்ணு சாகக் கிடந்தாளாமே.

— அது ரப்பர் பால்ல இருக்கற புரதத்தை முழுசா ஏத்தின ஊசி. நாங்க அதைத் துண்டு துண்டா வெட்டிட்டோம். உடம்பு அந்தத் துண்டுகளோட மெல்லப் பழகிக்கும், எதிரின்னு பாயாது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு அடைக்கலை.

— அப்ப அந்த இடத்தைக் குடு.

— எத்தனையோ நர்ஸுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்? அந்தக் கையுறை இப்ப உங்களையும் பதம் பார்த்திருச்சுன்னா, எனக்கு சந்தோஷம். வாய்விட்டே சொல்றேன்.

— சொல்லு. இன்னும் சொல்லு.

— கையை மேஜை மேல வைங்க. எவ்வளவு உரிஞ்சிருக்குன்னு பார்க்கணும். ரெண்டு கையும்.

— பாரு.

— ஒண்ணுமே இல்லையே. வழவழன்னு இருக்கு. என்ன, இன்னும் நடிப்பு விடலையா?

— எனக்கில்லைங்க, டாக்டர். என் பொண்ணு சொ-ஹீக்கு. நீங்க போனப்புறம் பிறந்தவ. பிறக்கும்போதே முதுகுத்தண்டு சரியா மூடலை. சின்ன வயசுலேருந்து ஆபரேஷன் மேல ஆபரேஷன். போன வாரம் காலேஜ்ல சிநேகிதி பிறந்தநாளுக்கு ஒரு ரப்பர் பலூன் ஊதியிருக்கா. மூச்சு நின்னுபோச்சு. உயிரை இழுத்துப் பிடிச்சுக் கொண்டு வந்தாங்க.

— அந்த ஆபரேஷனெல்லாம் நீங்க பண்ணினதா?

— பெத்தவன் கத்தி வைக்கக்கூடாதுன்னு நான் வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். பண்ணினதெல்லாம் எங்கிட்ட தொழில் கத்துக்கிட்ட பசங்க. நான் எந்தக் கையுறை போடுவேனோ, அதையே போட்டுக்கிட்டு.