ஞானமுத்து அண்ணனோட ஸ்டீயரிங்

எல்லாரும் எழுந்து சாட்சி சொல்ற நேரம் முடிஞ்சுது. நல்லது. ஆனா எனக்கு மனசு கொதிக்குது... ஏன்னு சொல்றேன். பிரசங்கக் குறிப்ப மூடி வச்சுட்டேன், பாருங்க. முதல்ல நம்ம சபையிலயே நடந்த ஒரு சின்னக் கதை கேளுங்க. சம்பந்தப்பட்டவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

நம்ம ஞானமுத்து அண்ணன் தெரியும்ல? நாமக்கல்ல இருந்து கவுகாத்தி வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் சொந்த லாரி ஓட்டினவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துடுச்சு. கடைசில, இனி லாரியத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மனுஷன் சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார்.

அவர் மக பெனிட்டா, ஸ்கேன் சென்டர்ல வேலை பார்க்குது. அது என்ன பண்ணுச்சு... கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டற கேம் ஒண்ணப் போட்டு, ஒரு ஸ்டீயரிங்கும் வாங்கி மேஜையில மாட்டிக் குடுத்துச்சு. ஒத்தக் கையால ஓட்டலாம். சிரிக்காதீங்க. அண்ணன் தினமும் குளிச்சு, சட்டை போட்டு, நிஜமாவே வண்டி எடுக்கற மாதிரி அதுல போய் உக்காருவார். திரும்பப் பேச ஆரம்பிச்சார். எதிர்ல வர்ற வண்டியத் திட்டவும் ஆரம்பிச்சார்.

அப்புறம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பிச்சுது. புது விண்டோஸ் அதுல ஏறாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா நல்லா இருக்கும்னாங்க. ஆனா கேம்? அது விண்டோஸுக்குன்னு செஞ்சது. லினக்ஸ்ல ஓடணும்னா நடுவுல ஒரு சாப்ட்வேர் வேணும். நம்ம கன்வென்ஷன் கூட்டத்துல வெளிநாட்டுப் போதகர் பேசப் பேச, பக்கத்துல நின்னு ஒருத்தர் தமிழ்ல சொல்றார்ல... அந்த வேலைய அது செய்யும். அவர் ஒரு வார்த்தைய விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

பெனிட்டா நேரா நம்ம சபை ரூபன் சார் கிட்ட போச்சு. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கறவர். லினக்ஸ்னா உயிர்.

"அங்கிள், அப்பாவோட கேம் லினக்ஸ்ல ஓடுமா?"

"ஓடும்மா. நானே பார்த்தேன். குறையே இல்லாம ஓடுதுன்னு நெட்லயும் எழுதிப் போட்டிருக்கேன்."

நானே பார்த்தேன்... இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பெனிட்டா விண்டோஸ அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுச்சு. கேம் திறந்துச்சு. பாட்டு வந்துச்சு. லாரி பளபளன்னு வந்து நின்னுச்சு. அண்ணன் சட்டையப் போட்டுட்டு உக்காந்து ஸ்டீயரிங்கத் திருப்பினார்... லாரி திரும்பல. இன்னும் அழுத்தித் திருப்பினார். திரும்பல. நேரா போய் சுவத்துல மோதுச்சு. அண்ணன் ஸ்டீயரிங்கப் பார்க்கல... தன் கையப் பார்த்தார். இந்தக் கையும் போயிடுச்சுன்னு நினைச்சுட்டார்.

ரூபன் சார் வந்தார். வேற வகை லினக்ஸ் போட்டார். நடுவுல நிக்கற அந்த சாப்ட்வேர்ல பழசப் போட்டார், புதுசப் போட்டார். மூணு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் கேம் திறக்குது, பாட்டு வருது, ஸ்டீயரிங் திரும்பல. சார் என்ன சொல்றார்? "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே." கேக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்க கம்ப்யூட்டர்ல ஓடி இவருக்கு என்ன சார்?

அந்த மூணாவது சனிக்கிழமை, அந்த மூணு வாரமா வாயத் திறக்காத அண்ணன், குழறிக் குழறிக் கேட்டார்.

"சார்... நீங்க இதுல எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?"

ரூபன் சார் கீபோர்டையே தட்டிக்கிட்டிருந்தார்.

"சும்மா சொல்லுங்க சார். பத்து கிலோமீட்டர் இருக்குமா?"

"ஓட்டலண்ணே... திறந்து பார்த்தேன். லாரி வந்து நின்னுச்சு. மூடிட்டேன்."

அண்ணன் கோபப்படல. லாரிக்காரங்க வழக்கம் ஒண்ணச் சொன்னார். சாப்பாட்டுக்கு வண்டிய நிறுத்தினா, எதிர்த் திசையில இருந்து வந்தவன் கிட்ட ரோடு எப்படின்னு கேப்பாங்களாம். அவன் வந்த ரோட்ட மட்டும்தான் சொல்வானாம். சிலிகுரில இருந்து இங்க வரைக்கும் தெரியும், அதுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுன்னு சொல்வானாம். தெரியாதுன்னு சொல்ல யாரும் வெக்கப்பட மாட்டாங்களாம். ஏன்னா, தெரியாமலே நல்லாருக்குன்னு சொல்லிட்டா, நம்பிப் போனவன் வண்டியோட ஆத்துல கிடப்பான்.

ரூபன் சார் அந்த ஸ்டீயரிங்கத் தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார். முதல் வேலையா என்ன செஞ்சார் தெரியுமா? நெட்ல எழுதினத மாத்தினார். 'கேம் திறக்குது. நான் ஓட்டிப் பார்க்கல. ஸ்டீயரிங் பத்தித் தெரியாது.' அப்புறம் நாலு நாள் உக்காந்து, எந்த செட்டிங் தப்புன்னு கண்டுபிடிச்சு, தானே நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு, கொண்டு வந்து மாட்டிக் குடுத்தார். அண்ணன் இப்ப ஓட்டறார்.

சரி... ரூபன் சாரத் திரும்பிப் பார்க்காதீங்க. அவர் மாத்தி எழுதிட்டார். நீங்க? மாப்பிள்ளை தங்கமான பையன்னு பொண்ணு வீட்ல போய்ச் சொன்னீங்களே... அந்தப் பையனோட எத்தனை நாள் பழகினீங்க? அந்த ஆபரேஷன் ஒண்ணுமே இல்ல, நாலு நாள்ல எந்திரிச்சிடலாம்னு இப்ப சாட்சியில ஒருத்தர் எழுந்து நின்னு சொன்னீங்க... ஆபரேஷன் உங்களுக்கா நடந்துச்சு? நாம சும்மா எட்டிப் பார்த்துட்டு வாய்க்கு வந்தத சொல்லிடறோம். நம்மள நம்பி ஒருத்தர் கையில இருக்கறத அழிச்சுட்டு வந்து நிக்கறார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? ஆஸ்பத்திரியில அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு, "மூணு மாசத்துல லாரி எடுத்துடுவீங்கண்ணே"ன்னு சொன்னவன் நான்தான். என்ன தெரியும் எனக்கு? அந்த மூணு மாசமும், பேட்டரி போயிடக் கூடாதுன்னு, தினமும் காலைல ஆள் விட்டு லாரிய ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கார். பெனிட்டா போன வாரம்தான் என் கிட்ட சொல்லுச்சு.

அதனால கெஞ்சிக் கேக்கறேன். தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க. அதுக்கு மேல தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லிட்டு அவங்க கூட உக்காருங்க. ஆராதனை முடிஞ்சதும் நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்னு... இவ்வளவு நாளா சொல்லாதத இன்னைக்குச் சொல்லப் போறேன்.