பதினோராம் லயத்து எர்த் கம்பி

ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணி. ராத்திரி இல்லை, பகல்தான்... ஆனால் மூணாறு மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பகலாவது, ராத்திரியாவது. ஃபேக்டரியிலிருந்து பதினோராம் லயத்துக்குப் போகிற வண்டிப்பாதை ஒன்றரை மைல். இரண்டு பக்கமும் தேயிலை. எதிரே ஆள் வந்தால் முதலில் செருப்புச் சத்தம் வரும், முகம் பிறகுதான் வரும். அன்றைக்கு அந்தப் பாதையில் ஒரே ஒரு செருப்புச் சத்தம். சகாயத்தினுடையது.

நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம், சாத்தினால் வெளியே என்ன இருக்கிறதோ என்று இன்னும் பயமாக இருக்கும். இது யாரோ எங்கேயோ சொன்ன கதை இல்லை. ஜீப் ஓட்டுகிற பாஸ்கல் இருக்கிறானே, அவனுடைய சொந்தத் தாய்மாமனுக்கு நடந்தது. எழுபத்தேழாம் வருஷம். பாஸ்கலுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சகாயம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். வயது நாற்பது. மனைவி ஞானஜோதி மஞ்சள்காமாலையில் போய் இரண்டு வருஷம். பிள்ளை இல்லை. அவர் இருந்த பதினோராம் லயத்தில் வரிசையாக எட்டுத் தொழிலாளர் வீடு. அந்த ஜூலை மழையில் சுவரெல்லாம் விரிசல் விட்டுவிட, ஏழு குடும்பத்தையும் கீழே புது லயத்துக்கு மாற்றிவிட்டார்கள். சகாயம் மட்டும் "பெறகு வாரேன்" என்று நின்றுவிட்டார். ஞானஜோதி கையால் வெள்ளையடித்த சுவர் அது. விட்டுப் போக மனசில்லை. தனியாக இருக்கவும் முடியவில்லை. ராத்திரி தூங்கும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் படுப்பார்... வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்குமாம்.

மூணாறு டவுனில் இருந்த தங்கை பிலோமி, பாஸ்கலின் அம்மா, ஒருநாள் நேரிலேயே வந்து சண்டை போட்டாள்.

"அண்ணே, எங்கூட வந்து இருங்க. பிள்ளைக மாமா மாமான்னு கெடக்குதுக. இந்தச் சுவத்தோடயே இருந்தீகன்னா, மனுசரோட பேசவே ஒங்களுக்கு மறந்து போகும். கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பாப்பேன்."

சகாயம் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவருக்கு இருந்த ஒரே துணை கிடார். எலக்ட்ரிக் கிடார். அதன் சத்தத்தைப் பெருக்க ஒரு வால்வு ஆம்ப், போடியில் மைக் செட் கடை மூடியபோது வாங்கியது. முன்னால் துணி, உள்ளே கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வு சூடாகி, உள்ளே நெருப்புத்துளி மாதிரி சிவந்து, ஒரு நிமிஷம் கழித்துத்தான் உயிர் வரும். அணைத்தாலும் உடனே சாகாது. சத்தம் மெல்ல மெல்ல வடிந்து போகும். மற்ற நாளில் ஃபேக்டரி மெஷின் எல்லாம் ஓடுவதால் லயத்துக்கு வருகிற கரண்ட் மங்கிவிடும், வால்வு சிவக்காது. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி நின்றால்தான் முழுக் கரண்ட். அதனால் ஞாயிறு மதியம் பூசை முடிந்து வந்து, சாயங்காலம் வரை வாசிப்பார். கேட்க ஆளில்லை.

அந்த அக்டோபரில் கொச்சியில் ஒரு கப்பல்காரரிடம் எக்கோ பெட்டி ஒன்று வாங்கினார். உள்ளே ஒரு முழ டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பியை ஒரு தரம் தட்டினால் பெட்டி மூன்று தரம் திருப்பிச் சொல்லும். டங்... டங்... டங்... ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிசாக. ஒரு கிடார் வாசித்தால் நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். எதற்காக வாங்கினார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பழைய ஆம்பும் புதுப் பெட்டியும் ஒத்துப்போகவில்லை. தனித்தனியாக இருந்தால் இரண்டும் தங்கம். வயரால் சேர்த்தால் "ம்ம்ம்ம்..." என்று ஒரே முனகல். கிடாரே கேட்காது. ஃபிட்டருக்கு வைத்தியம் தெரியாதா? எர்த் கொடுக்க வேண்டும். நாலடி இரும்புக் கம்பியை ஈரமண்ணில் இறக்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒரு வயரை ஆம்புக்கு இழுத்தால் முனகல் நின்றுபோகும். அதற்குத்தான் அந்த மூன்றரை மணிக்கு, ஃபேக்டரியிலிருந்து கம்பியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவர் பனிக்குள் நடந்தது.

வீட்டைச் சுற்றி எங்கே குத்தினாலும் பாறை. ணங் என்று கை அதிரும். கடைசியில் அடுப்படிக்குப் பின்னால், இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே, ஒரு ஆள் நீளத்துக்கு மண் மெத்தென்று கிடந்தது. கம்பியை வைத்து இரண்டு தட்டு. வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாலாவது அடி ஆழத்தில் மட்டும் கட்டையில் பட்ட மாதிரி ஒரு சின்னத் தடை... பிறகு அதையும் தாண்டி இறங்கிவிட்டது. உங்களுக்கு இப்போதே உடம்பு சிலிர்த்திருக்கும். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கம்பி இறங்குகிறதே என்று சந்தோஷம்.

உள்ளே வந்து சுவிட்சைப் போட்டார். வால்வு சிவந்தது. முனகல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. கிடாரில் ஒரு கம்பியைத் தட்டினார்.

டங்... டங்... டங்...

டொக்.

கை அப்படியே நின்றது. மறுபடி தட்டினார். மூன்று தரம் கிடார். நாலாவது... டொக். கம்பிச் சத்தம் இல்லை. நகத்தால் பலகையில் தட்டுகிற சத்தம். மற்ற மூன்றும் தேய்ந்துகொண்டே போக, அது மட்டும் தேயவில்லை.

டேப்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பெட்டியைத் திறந்து டேப்பை உருவி மேசைமேல் வைத்தார். இனி பெட்டி எதையும் திருப்பிச் சொல்ல முடியாது. தட்டினார். டங். அவ்வளவுதான். அவர் மூச்சு விட்டார்... டொக்.

வால்வில் சுடுகிற தூசி வாசனை அவருக்குப் பழக்கம். அன்றைக்கு அதோடு இன்னொரு வாசனையும் வந்தது. புதிதாகத் தோண்டிய மண் வாசனை.

நாமாக இருந்தால் வேட்டி அவிழ்ந்தாலும் எடுக்க நிற்காமல் ஓடியிருப்போம். சகாயம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பிற்பாடு பிலோமி கேட்டபோது, "ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சிச்சு பிள்ள" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவருக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு டொக் சொன்னது. அவர் டேப்பை மாட்டிவிட்டு மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார். அது தாளம் போட்டது. முதலில் தப்பும் தவறுமாக... இருட்டுவதற்குள் சரியாக.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும். பூசை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசமாட்டார், ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவார். அவர் தப்பாக வாசித்தால் அது காத்திருக்கும். அவர் நிறுத்தினால், கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு டொக்... இன்னும் வாசி என்கிற மாதிரி. பால் இல்லாத கட்டன் சாயா போட்டால் இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை ஆம்ப் பக்கத்தில் வைப்பார். ஃபேக்டரிக் கதையெல்லாம் சொல்வார். ரேடியோவை எடுத்து மூலையில் போட்டுவிட்டார். பாவம், அந்தத் தட்டல் அவருக்குப் போதுமாக இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவல்காரர் ராக்கப்பன் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். எஸ்டேட்டிலேயே பழைய ஆள். கட்டனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பாட்டைக் கேட்டார். பிறகு தட்டலையும் கேட்டார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"சகாயம்... அந்த வயரு எங்கய்யா போவுது?"

"எர்த்து அண்ணாச்சி. பின்னால, ரெண்டு மரத்துக்கு நடுவுல."

ராக்கப்பன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மலையாள வருசம் தொண்ணூத்தொம்பது, நம்ம கணக்குக்கு இருவத்தினாலு, அந்த வெள்ளத்துல மலையே சரிஞ்சு வந்துச்சுல்லா. மேலருந்து அடிச்சிட்டு வந்தவுகள, கெடச்ச எடத்துல பொதச்சாக. யாரு எவருன்னு தெரியாது. அழுவதுக்கு ஆளு கெடையாது, ஒரு செபம் கெடையாது, ஒரு பூவு கெடையாது. அம்பது வருசமா அந்தப் பக்கம் யாரும் மண்வெட்டியே போட்டதில்ல."

பிறகு எழுந்தார். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கிப் போனார். சகாயத்துக்குக் கோபம் வந்தது. சொல்லிக்கொண்டு போனால் என்ன? ஆனால் ராக்கப்பன் செய்ததுதான் முறை. இழவு வீட்டுக்குப் போனால், குழிமேட்டுக்குப் போனால், நாம் யாரிடமும் சொல்லிக்கொண்டா கிளம்புகிறோம்? போயிட்டு வாரேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்வோமா? அங்கே திரும்பி வருகிற பேச்சே கூடாது. சகாயம் தன் வீட்டை அப்படி நினைக்கவில்லை.

ஆனால் ராக்கப்பன் சொன்னது மனசை அறுத்தது. அன்று சாயங்காலம் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து இழுத்தார். சின்ன இழுப்புக்கே வந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தார். ஆம்ப் முனகியது. டங்... டங்... டங்... அதோடு நின்றது. நாலாவது இல்லை. மழை ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும். காலியான ஏழு வீடும் சேர்ந்து அவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. லாந்தரை எடுத்துக்கொண்டு போய், அதே குழியில், அவர் கையாலேயே கம்பியைத் திரும்ப இறக்கினார்.

டிசம்பர் இருபத்து மூன்று. பிலோமி ஜீப்போடு வந்துவிட்டாள். அண்ணனைப் பார்த்ததும் அழுதாள். கன்னம் ஒட்டி, குரல் அடைத்து, கேட்ட கேள்விக்கு நாலு நொடி கழித்துப் பதில் சொல்கிற ஆளாக நின்றார்.

"அண்ணே, நீங்க இப்ப வரலன்னா நா இங்கனயே ஒக்காந்துருவேன். நீங்க இல்லாத கிறிஸ்துமஸ் எனக்கும் வேண்டாம், பிள்ளைகளுக்கும் வேண்டாம்."

அந்தப் பேச்சுதான் அவரை அசைத்தது. தன்னை இழுக்க இன்னும் ஒரு மனுஷக் கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்ததோ என்னவோ. துணிமணி, கிடார், ஞானஜோதியின் படம் எல்லாம் ஜீப்பில் ஏறின. ஆம்ப் கனம், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எக்கோ பெட்டியைக் கழற்றி வைத்தார். ஆம்ப் பிளக்கையும் பிடுங்கினார். வால்வெல்லாம் ஆறி, தொட்டால் ஐஸாக இருந்தது.

வாசலில் ஹாரன் அடித்தார்கள். அவர் அறை நடுவில் நின்றார். இத்தனை நாள் கூட இருந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுப் போவது எப்படி? நல்ல மனுஷனுக்கு இருக்கிற வியாதி அது.

"அப்ப... நா போயிட்டு வாரேன்" என்றார்.

பிளக் தரையில் கிடக்கிறது. ஆம்ப் துணிக்குள்ளிருந்து, டொக்.

அவர் கதவைக்கூடப் பூட்டவில்லை. நேராக வந்து ஜீப்பில் ஏறிவிட்டார்.

மூணாற்றில் எல்லாம் நன்றாகவே இருந்தது. நட்சத்திரம் கட்டினார், பாதிராப் பூசைக்கு வாசித்தார், கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேச்சுகூட முந்தி மாதிரி பளிச்சென்று வந்தது. அண்ணன் பிழைத்துக்கொண்டார் என்று பிலோமி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இனி அந்த லயத்துப் பக்கமே போவதில்லை என்று அவரும் வாய்விட்டுச் சொன்னார்.

இருபத்தெட்டாம் தேதி பிள்ளைகள் அவரை மாட்டுப்பெட்டி அணைக்கு மேலே கூட்டிப் போனார்கள். இந்தக் கரையில் நின்று கத்தினால், தண்ணீருக்கு அந்தப் பக்கத்து மலை திருப்பிக் கத்தும். நீங்களும் கத்தியிருப்பீர்கள். நல்ல வெயில், பனி துளிகூட இல்லை. பாஸ்கல் தன் பெயரைச் சொல்லிக் கத்தினான். "பாஸ்கல்... ஸ்கல்..." என்று வந்தது. தம்பி ஊளையிட்டான், அதுவும் வந்தது. பிலோமிகூட வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு கூவு கூவினாள்.

"மாமா, நீங்க மாமா!"

கடைக்குட்டி மூன்று வயசு, அவர் தோளில் சாய்ந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சகாயம் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கி, "ஓ..." என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

மலை பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். பாஸ்கல் பத்துவரை எண்ணினானாம். பிறகு வந்தது... அந்தக் கரையிலிருந்து, மெலிசாக. ஆணா பெண்ணா தெரியாது. ரொம்ப வருஷமாகப் பேசாத தொண்டை.

"எப்ப?"

பிலோமி பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்தாள். இரண்டாவது தரம் அது தேயவில்லை. கூடியது. தண்ணீர் நடுவிலிருந்து.

"எப்ப?"

வாரேன் என்று சொல்லிவிட்டு வந்த சகாயம் பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். கண் மட்டும் நிரம்பியிருந்தது. மூன்றாவது தரம் மற்ற யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்த கடைக்குட்டி மெதுவாக நிமிர்ந்து, மூடியிருந்த அவர் வாயை விரலால் தொட்டுப் பார்த்தது.

"மாமா... ஒங்க உள்ள யாரு கேக்குறா?"