டாக்டர் ஹாலம் அடைத்த குழாய்

1884 நவம்பர் 19, புதன்.

நேற்றைய பதிவில் ஒரு பிழை. பட்டறை வேலைக்காக அளந்த, ஹாலம் வீட்டு வாசலிலிருந்து படுக்கையறைவரை குரலைக் கொண்டுபோகும் பேசுகுழாய் நாற்பதடி என்று எழுதியிருந்தது. மறுபடி கூட்டினால் முப்பத்துநாலுதான். மாலை வகுப்பு முடிந்து அதைத் திருத்தும்போது வகுப்புத் தோழன் நெட் எட்டிப் பார்த்தான்.

"அட, ஹாலம் வீடா! எங்க ஜோப் சித்தப்பா அங்கதான்டா வண்டி ஓட்டினாரு."

அடுப்பைச் சுற்றி ஆறு பேர் நெருங்கி உட்கார்ந்தோம். அவன் சொன்னது இது. சொன்ன அழகு இதில் வராது.

இரவு இரண்டேகால். மூடுபனி. தெருவில் ஒரு சக்கரச் சத்தம் இல்லை... சலவைக்காரி க்ரோவ் வாசல் குழாயில் ஊதினாள். மேலே படுக்கையறையில், குழாயை அடைத்திருந்த தக்கையின் விசில் கூவியது. அவள் தோளில் நாலு வயது மகள் ஹெட்டி. தொண்டை அடைப்பான்.

அந்த நோய்க்கு ஹாலமை விட்டால் லண்டனில் ஆளில்லை. கப்பல்துறைச் சந்துகளில் இலவசமாக வைத்தியம் பார்த்தவர். ஒரு பிரபுவின் மகனுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சை மீட்டார். பிறகு சர் பட்டம், அரண்மனை அழைப்பு, இந்த வீடு.

லாயத்திலிருந்து ஜோப் ஓடி வந்தார்.

"யாரு ஜோப்?" குழாயில் ஹாலமின் குரல் இறங்கியது.

"நம்ம துணி வெளுக்கிற அம்மாங்கய்யா. குழந்தை மூச்சுக்குத் தவிக்குது..."

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

மேலே தக்கையால் அடைக்கும் சத்தம். ஜோப்தான் அவளைப் படியிறக்கி விட்டார். தெருமுனையை எட்டுவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் இரவு, அதே இரண்டேகால். தக்கை தானாகத் தெறித்துத் தரையில் உருண்டது. குழாயில் மூச்சு... ஈரச் சாக்கைக் கல்லில் இழுப்பதுபோல. கூடவே ஓர் அழுகிய இனிப்பு வாடை. ஹாலம் கூப்பிட, ஜோப் வாசலைத் திறந்து பார்த்தார்.

"ஒரு ஈ காக்கா இல்லீங்கய்யா!"

ஹாலம் குழாயில் காதை வைத்து, கடிகாரம் பார்த்து மூச்சை எண்ணினார். "இன்னும் சில நிமிஷம் இருக்கு ஜோப். இப்ப அறுத்தா பிழைச்சுக்கும். கத்தியைக் கொண்டா."

கத்தியோடு இறங்கினார். வெறும் படி.

எட்டு இரவும் அதே மூச்சு, அதே எண்ணிக்கை, அதே வெறும் படி. ஒன்பதாம் இரவு தக்கையைச் சுத்தியலால் அடித்து இறக்கினார். "நீ போய்த் தூங்கு ஜோப்."

காலையில் ஜோப் அறைக் கதவை உடைத்தார். ஹாலம் நீலம் பாரித்துக் கிடந்தார். குழாய் திறந்திருந்தது. தக்கை அவருடைய தொண்டைக்குள் இருந்தது.

"உங்க சித்தப்பா அன்னிக்கு எத்தனை குவளை பீர் ஏத்தினாரு?" என்றான் ஒருவன்.

நெட் சிரிக்கவில்லை. "அதோட குடியை விட்டுட்டாருடா. தூக்கத்தையும்."

அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் எங்கள் பட்டறைக்கு எழுதிய கடிதம் பையிலேயே இருந்தது. நெட்டிடம் காட்டவில்லை. குழாயைக் கழற்றக் காரணம் ஒரே வரி: இரவில் அதற்குள் இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள்.

நாளை: காலை எட்டு மணி, ஹாலம் வீடு. மேல்முனையிலிருந்து கழற்ற வேண்டும். முதலில் அங்கே அடைத்திருக்கும் தக்கையை எடுக்க வேண்டும்.