காலுக்குத் தெரிந்த தரை

— செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க சார். தரையைப் பேத்தெடுக்க வந்தவரா இருந்தாலும் சேறு சேறுதான், துடைக்கிறவ நான்.

— ஏம்மா, நான் என்ன விருந்துக்கா வந்திருக்கேன்? முகாம் இன்ஸ்பெக்டர். நோட்டீஸ் குடுக்க வந்திருக்கேன். நாப்பத்தோராம் நம்பர் கொட்டகையில நிரந்தரக் கட்டுமானம். ஒரு வாரத்துல எடுத்துடணும். இல்லேன்னா ரேஷன் அட்டை நிறுத்திடுவாங்க.

— எது சார் நிரந்தரம்? இந்தத் தகரக் கூரையா? பலமா காத்தடிச்சா அடுத்த வீட்டுல போய் உக்காருது.

— தரையைச் சொல்றேன். சிமெண்ட் வச்சு டைல்ஸ் ஒட்டியிருக்கியே. இது தற்காலிகக் குடியிருப்பு. மண் தரைதான் இருக்கணும்.

— நாங்க வந்து இறங்கினப்போ ஆறு மாசம்னு சொன்னீங்க. அன்னிக்கு என் வயித்துல இருந்தவ இப்ப பத்தாவது படிக்கிறா. அந்த ஆறு மாசம் எப்ப சார் முடியும்?

— அதையெல்லாம் மேலிடத்துல கேளு.

— மேலிடம், மேலிடம். எந்த ஏணி வச்சு ஏறிக் கேக்கறதாம்?

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. டைல்ஸ் வாங்கற அளவுக்கு வசதி எங்கேர்ந்து வந்தது?

— வாங்கினேனா? குனிஞ்சு பாருங்க. அக்கம்பக்கத்துல ரெண்டு துண்டு ஒரே நிறமா இருக்கா? நான் டைல்ஸ் ஒட்டற வேலைக்குப் போறவ. எவனெவன் வீட்டுக்கோ முட்டி தேயத் தரை போடறேன். உடைஞ்சதைக் குப்பையில கொட்டுவாங்க. சாப்பாட்டு டப்பாவோட பையில போட்டு ஒண்ணு ஒண்ணாக் கொண்டு வந்தேன். மூணு வருஷம் ஆச்சு.

— சரி, நல்லாத்தான் இருக்கு. அழகுக்காக விதியை மீறலாமா?

— அழகுக்காகவா? மாமா, இவர் பேசறது கேட்டுச்சா? நீங்களே சொல்லுங்க.

— தம்பி, நான் இவ மாமனார். எனக்குக் கண்ணு தெரியாது. ஊர்ல குண்டு விழுந்த அன்னிக்கு என் கண்ணும் போச்சு, இவ புருஷனும் போயிட்டான். இங்க வந்தா எந்தப் பக்கம் கால் வச்சாலும் மண்ணு. அடுப்பு எது, வாசல் எதுன்னே புரியல. ரெண்டு தடவை அடுப்புல கையை வச்சுட்டேன். ஒரு தடவை கொதிக்கிற சட்டியைத் தட்டிவிட்டு, தொடையெல்லாம் வெந்து போச்சு.

— அதுக்கு அப்புறம்தான் சார் நான் தரையில கை வச்சேன். குளியலறைக்குப் போடற சொரசொரப்புக் கல்லு கால்ல பட்டா அடுப்பு, அங்கேயே நின்னுடணும். வழவழன்னு சில்லுனு இருந்தா கட்டில். கோடு கோடா இருந்தா வாசல். இப்ப ஒருத்தர் கையைப் புடிக்காம இவரே தண்ணி மோந்து குடிக்கிறார். இதைப் பேத்தெடுக்கச் சொல்றீங்களே, மனசு எப்படி சார் வருது? கண்ணு தெரியாதவர் கண்ணை இன்னொரு தடவை புடுங்கறதுக்கு ஒரு நோட்டீஸா?

— எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உனக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க.

— கேக்கட்டுமே. தரை கேட்டா குத்தமா?

— என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? உத்தரவை நீயே பாரு.

— உங்க ஆபீஸ் எழுத்து எனக்கு வராது. நீங்களே வாசிங்க. மாமாவும் கேக்கட்டும்.

— "ஒன்று முதல் நூற்றுப்பத்து வரையிலான அனைத்துக் கொட்டகைகளிலும் ஒட்டப்பட்ட தரை ஓடுகள், விதிவிலக்கின்றி, எண் வரிசைப்படி அகற்றப்பட வேண்டும்." போதுமா? விதிவிலக்கு கிடையாது. ரெண்டாம் நம்பர்லேர்ந்து நாப்பது வரைக்கும் ஒவ்வொண்ணா நுழைஞ்சு பாத்துட்டுத்தான் வரேன். எல்லாம் மண்ணு. உன்னோடது மட்டும்தான் இப்படி.

— ரெண்டாம் நம்பர்லேர்ந்தா? ஒண்ணு என்ன ஆச்சு தம்பி?

— ஒண்ணாம் நம்பர் கொட்டகை எங்க ஆபீஸ், பெரியவரே. அங்க யாரும் குடியிருக்கல.

— தெரியும். போன மாசம் கைரேகை வைக்க அங்க போனேனே. வெளியிலயே செருப்பைக் கழட்டச் சொல்லிட்டாங்க. உள்ள கால் வச்சதும், நம்ம வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் திகைச்சுப் போயிட்டேன். கோடு கோடா அதே கல்லு. என்ன மருமகளே, என் காலு பொய் சொல்லுதா?

— இல்ல மாமா, காலு சரியாத்தான் சொல்லுது. போன வருஷம் அங்க ஒட்டினது நான்தான். குனிஞ்சு வேலை செஞ்சவ முகம் இவருக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? பெரிய அதிகாரி வர்றார், அவர் பூட்ஸ்ல மண்ணு ஒட்டக் கூடாதுன்னு ஒரே நாள்ல முடிக்கச் சொன்னது இந்த சார்தான். உடைஞ்சு கிடந்த துண்டை, எடுத்துட்டுப் போ, இடத்தை அடைக்குதுன்னு சொன்னதும் இவர்தான். நம்ம வாசல் அதுலதான் முடிஞ்சது.

— அது வந்து... அது வேறம்மா. அது ஆபீஸ்.

— அதே தகரம், அதே மண்ணு, அதே நம்பர் வரிசை. நீங்க வாசிச்சதுல ஆபீஸ்னு ஒரு வார்த்தை வந்ததா சார்?

— சரி சரி, நோட்டீஸ் இப்போதைக்கு என்கிட்டயே இருக்கட்டும். மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு...

— எதுக்கு சார் அவங்களுக்குத் தொந்தரவு? செருப்பைப் போட்டுக்குங்க. உளியும் சுத்தியலும் எடுத்துட்டு நானும் வரேன், ஒண்ணாம் நம்பர்லேர்ந்தே ஆரம்பிப்போம்.