இன்னாசி அண்ணன் நார்வேக்கு எழுதிய பதில்

இருபத்தெட்டு ஆண்டுகள் உப்புக்காற்றில் கம்பம் ஏறியவரே, இராமநாதபுரம் முதல் இராமேசுவரம் வரை இருட்டைக் குறைத்தவரே, எங்கள் லைன் மேஸ்திரி அக்காள்மடம் இன்னாசி அவர்களே, வணக்கம்.

தங்கள் பணி ஓய்வுக்கான வாழ்த்து மடலைப் பதினைந்து நாள் முன்பே எழுதி முடித்திருந்தோம். உழைப்பு, நேர்மை, நேரம் தவறாமை எல்லாம் அதில் முறையாக இருந்தன. அதைக் கிழித்துவிட்டோம். ஏன் என்பதை இந்த அவையில் சொல்ல வேண்டும்.

1955 கார்த்திகை. புதுமடத்தருகே மின்கம்பத்தில் எங்களோடு வேலை பார்த்த மூக்கையா இறந்தார். கம்பியைத் தாங்கும் பீங்கானில் உப்புப் படிந்து மின்சாரம் கசிந்திருந்தது. அவர் கையில் ரப்பர் உறை இல்லை. ஒன்றரை ஆண்டாகக் கேட்டும் கம்பெனி தரவில்லை. கையுறை வந்தால்தான் இனி ஏறுவோம் என்று மறுநாள் தாங்களும் ஆறு பேரும் சொன்னீர்கள். மாலைக்குள் ஏழு பேருக்கும் வேலைநீக்க ஆணை வந்தது.

மீதி அறுபத்திரண்டு பேர் நாங்கள். அடுத்த நாள் காலை வேலைக்கு வந்தோம். தங்கள் கம்பங்களிலும் ஏறினோம். வெறுங்கையோடு.

மூன்று மாதம் கழித்துச் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னைத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் வழியே செய்தி அறிந்து, நார்வே நாட்டு மின் தொழிலாளர்கள் எழுதியது. எழுத்தர் ஹமீது சுல்தான் தமிழில் சொன்னார். அங்கே ஒரு மின்நிலைய வாசலில் நானூறு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பனியில் நின்றார்களாம். ஏழு பேரின் பெயரையும் இறந்தவர் பெயரையும் உரக்க வாசித்தார்களாம்.

எங்களில் ஒருவரான இருளாண்டி சொன்னார்: "அண்ணே, மூக்கையாங்கிற பேரை அவிங்க வாசிக்கிறதுக்குள்ள பத்து நிமிசம் ஓடியிருக்கும்." தாங்கள் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். உங்கள் ஊரில் உங்களோடு எத்தனை பேர் நின்றார்கள்? அவர்களுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்ல வேண்டும்.

யாரும் நிமிரவில்லை. "நா எழுதிக்கிறேன்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டீர்கள். என்ன எழுதினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பல நாட்டுச் சங்கங்களிடமிருந்து கம்பெனிக்குக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. இரண்டு மாதத்தில் ஏழு பேரும் திரும்பினீர்கள். கையுறைகளும் வந்தன. இன்று இங்கே எவரும் வெறுங்கையோடு ஏறுவதில்லை.

சென்ற வாரம் சங்க அலமாரியை ஒதுக்கும்போது தங்கள் பதிலின் நகல் கிடைத்தது. மாதா கோயில் பங்குச்சாமியார் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹமீது சுல்தான் வாசித்தார். நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

'எங்களோடு அறுபத்திரண்டு பேர் நின்றார்கள். ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.'

கீழே எங்கள் பெயர்கள். ஒன்றுகூட விடுபடவில்லை. அந்த ஐந்து மாதம் தங்கள் இடத்தில் மேஸ்திரியாக இருந்த முத்தழகின் பெயரும் இருந்தது. அறையில் பதினோரு பேர் இருந்தோம்.

அன்று மாலையே அக்காள்மடத்துக்கு வந்தோம். தாங்கள் சொன்னது:

"ஏலே, ஏழெட்டு வருசம் கழிச்சு இப்ப என்ன? கூட வேலை பாக்குறவன் விட்டுட்டுப் போயிட்டான்னு, அம்புட்டுத் தூரத்துல பனியில நின்னவனுக்கு எழுதச் சொல்றீகளா? எனக்கு வெக்கமா இருந்துச்சு."

உள்ளேயிருந்து தங்கள் மனைவி யாகப்பம்மாள் சொன்னார்: "இவுக வெக்கப்பட்டாக. நீங்க படலையே."

"அத அப்படியே விட்டுருங்க" என்று தாங்கள் வழியனுப்பினீர்கள்.

விடவில்லை. நேற்று நார்வேக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். முன்னே சொன்னால் தடுத்திருப்பீர்கள். அதனால் இப்போது சொல்கிறோம். இன்னாசி எழுதியது பொய், ஏழு பேரோடு இங்கே ஒருவரும் நிற்கவில்லை, அதை மறைத்து எங்கள் மானத்தைக் காத்தவர் அவர் என்று எழுதினோம். எல்லோரும் கையொப்பமிட்டோம். முத்தழகு முதலில் இட்டார். மறுமொழி வருமா, அதில் என்ன இருக்கும், தெரியாது.

தாங்களும் யாகப்பம்மாள் அவர்களும் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். நாங்கள் வந்தால் கதவைத் திறக்க வேண்டும்.

இராமநாதபுரம்
30-6-1963

இவ்வாறு,
அன்று வேலைக்குப் போன அறுபத்திரண்டு பேரில்
இன்னும் பணியிலிருக்கும் நாற்பத்தொருவர்