அரண்மனையில் ஒரு பல்பு

— இல்லீங்ணா, அது இல்ல. கைக்கு வந்த பக்கமெல்லாம் காட்டறீங்க. இத்தாம் பெரிய அரண்மனையில என்ற பல்பு எதுன்னு சரியாச் சொல்லுங்க.

— அதான் சொன்னனே சரசு. இடப்பக்கத்து வளைவு இருக்குதல்ல, அதுல மேல் வரிசை.

— இப்பத்தான் கீழ் வரிசைன்னீங்க!

— அய்யோ சாமி, இன்னும் வெளக்கே போடல. மேலென்ன, கீழென்ன? மொதல்ல இந்தச் சுருமுரிப் பொரியத் தின்னு. நமத்துப் போவுது.

— சுருமுரி திங்கவா மல்லண்ணா உங்களைக் கூட்டிட்டு வந்தேன்? ஞாயித்துக்கிழமை வெளக்குப் போடறப்ப எங்கூட்டுக்காரரு என்னைய இந்தக் கேட்டுல கொண்டாந்து நிறுத்துவாரு. "அதோ பாரு சரசு, அது நான் உனக்குன்னு மாட்டுன பல்பு"ம்பாரு. இப்ப அவரு காரியமும் முடிஞ்சுபோச்சு. காட்ட ஆளில்ல. அவரு கூடவே இங்க பல்பு மாட்டுற வேலை செஞ்சவரு நீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்குமா? அது எங்கன்னு தெரிஞ்சாப் போதும். வாராவாரம் நானே வந்து பாத்துக்குவேன்.

— ஜடையன் உங்கிட்ட எதைக் காட்டுனான்?

— அதுலதான் வம்பே! அதே வளைவுதான். ஒரு வாரம் மேல் வரிசைம்பாரு. மறு வாரம் கீழ் வரிசைம்பாரு. தசராவுக்கு வந்தா ரெண்டும் இல்ல, தூணோரம்பாரு.

— ஹ... ஹக்...

— என்னங்ணா, பொரை ஏறிடுச்சா?

— இல்ல தாயி, சிரிப்பு.

— எதுக்குச் சிரிப்பு?

— வேணாம் விடு. செத்தவனைப் பத்தி எதுக்கு...

— அவரு அரண்மனை மேல ஏறுற ஆளே இல்ல. அதுதான?

— உனக்கெப்படித் தெரியும்?

— எங்கூட்டு பல்ப மாத்துறது யாருங்கறீங்க? நாந்தான்! அரண்மனைக்கு பல்பு மாட்டுற மகராசன் கீழ நின்னு ஸ்டூலை ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "பாத்து சரசு, பாத்து சரசு"ன்னு வேர்த்து ஊத்துவாரு. ஸ்டூலு என்ற முழங்கா ஒசரம்கூட இருக்காதுங்ணா!

— அய்யோ சாமி, எங்கிட்டயும் அதே பாட்டுதான்! "பாத்து மல்லா, பாத்து மல்லா!" மேல தொங்குறவன் நான். கீழ கயித்தப் புடிச்சிருக்கறவன் அழுவுறான்!

— பொருட்காட்சியில புள்ளைங்க கெஞ்சுச்சுன்னு ராட்டினத்துல ஏறுனாரு பாருங்க. ராட்டினம் சுத்தவே இல்ல. ஆள் ஏத்தறதுக்காக எங்க பொட்டிய கொஞ்சூண்டு மேல தூக்குனான். அதுக்கே "மாதப்பா, மாதப்பா"ன்னு சாமியக் கூப்புட்டுக் கத்துன கத்துல ராட்டினக்காரன் பயந்துபோயி எல்லாரையும் எறக்கி விட்டுட்டான்!

— மெல்லமா சிரி சரசு. போலீஸ்காரரு பாக்குறாரு.

— நீங்க மொதல்ல வாயத் தொடைங்க. மீசையெல்லாம் பொரி.

— புருசன் போயி மாசங்கூட ஆவல, கேட்டுல நின்னு கெக்கெக்கேன்னு சிரிக்கறான்னு ஊரு பேசும்.

— பேசட்டும். அவரோட இத்தன வருசமும் நான் இப்படிச் சிரிச்சுத்தான் குடித்தனம் பண்ணேன்.

— ஆனா ஒண்ணு சொல்லோணும். பயந்தாங்கொள்ளிதான், கயித்தப் புடிச்சா எமன் வந்து இழுத்தாலும் விடமாட்டான். நான் மேல இருக்கறவரைக்கும் டீ குடிக்கப் போவமாட்டான், ஒண்ணுக்குப் போவமாட்டான், எம்மேல இருந்து கண்ண எடுக்கமாட்டான். ஒருக்கா மழை ஈரத்துல கால் வழுக்கி நான் விழுந்தேன். கயிறு அவன் உள்ளங்கைத் தோலை உரிச்சுக்கிட்டு ஓடுச்சு. அப்பவும் விடல.

— கையில துணி சுத்திக்கிட்டு வந்தாரே, அப்பவா? எங்கிட்ட பஜ்ஜி எண்ணெ தெறிச்சுடுச்சுன்னாரு!

— பஜ்ஜியா?

— உங்கூட்டுல அண்ணிக்குப் பஜ்ஜி போட்டுக் குடுத்தாராம்! "அடுத்தவன் பொண்டாட்டிக்குப் பஜ்ஜி போடத் தெரியுது, எனக்கு ஒரு டீ போடத் தெரியாதா"ன்னு நான் ஒரு வாரம் மொகங்குடுத்துப் பேசலீங்ணா!

— நான் விழுந்தது என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னைய மறுபடி வேலைக்கே விடமாட்டா. அதுக்குத்தான் மறைச்சிருக்கான். பாவி, உங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே.

— அட, நீங்க ஏங்ணா இப்ப அழுவறீங்க?

— மொளகா. சுருமுரியில மொளகா ஜாஸ்தி.

— சரி, நானே சொல்லிடறேன். பல்பு கதை பொய்யின்னு எனக்கு எப்பவோ தெரியும். வாரத்துக்கு ஒரு எடம் காட்டுனா தெரியாதா? ஆனா காட்டறப்ப அவரு மூஞ்சியில ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அதுக்காவ நான் மேல பாக்கறதே இல்ல. அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே "தெரியுதுங்க, தெரியுதுங்க"ம்பேன். இன்னைக்கு நீங்களும் ஏதாச்சும் ஒரு பொய்யச் சொல்லுவீங்க, அதையே கெட்டியாப் புடிச்சுக்கலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்.

— பொய் இல்ல சரசு.

— எது?

— பல்பு. கல்யாணமான புதுசுல நீ இங்க நின்னு, "இத்தனையில நமக்குன்னு ஒண்ணாச்சும் இருக்குதா"ன்னு கேட்டியாமா? மறுநா காலையில வந்து, "மல்லா, இன்னைக்குக் கயித்த எனக்குக் கட்டு"ன்னான். "நான் மாட்டறேன்டா, உம்பொண்டாட்டி பேரைச் சொல்லியே மாட்டறேன்"னேன். கேக்கல. "கேட்டது எம்பொண்டாட்டி, நாந்தான் மாட்டோணும்"னான். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, "மாதப்பா, மாதப்பா"ன்னு பல்லி மாதிரி ஊர்ந்து ஏறுனான். மாட்டிட்டுத்தான் எறங்குனான். எறங்குனதும் செடிக்குள்ள போயி வாந்தி எடுத்தான்.

— நெசமாவா?

— மாதப்பன் சத்தியமா. பியூஸ் போனா பல்ப மாத்தியிருப்போம். எடம் அவன் வச்ச எடந்தான். அந்த வளைவுதான், அதுல மாத்தமில்ல.

— அப்பறம் ஏங்ணா வாரத்துக்கு ஒரு எடம் காட்டுனாரு?

— கண்ண மூடிட்டு மாட்டுனவனுக்கு எதுன்னு எப்படித் தெரியும்? எறங்கி வந்து என்னையத்தான் கேட்டான், "எதுல மாட்டுனேன்டா?"ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்தச் சொல்ல? கயித்தக் கெட்டியாப் புடிச்சிருந்தேன், அது நெசம். ஆனா எங்க விழுந்துருவானோன்னு நானும் கண்ண மூடிக்கிட்டேனே!

— அண்ணா! அண்ணா! போட்டுட்டாங்க! பாருங்க, பூராவும் எரியுது!

— ஆமா தாயி, எரியுது. இந்தா, மீதிச் சுருமுரிய நீயே தின்னு.

— அது கெடக்கட்டும். நீங்க கொஞ்சம் தலைய நகத்துங்க. அந்த வளைவுல ஒண்ணொண்ணாப் பாக்கோணும்.